சீர்த்தட்டில் ஒரு தங்கப் பத்திரம்

என் தாய்மாமன் பொய் சொன்னவர். வீட்டுக்குள் சொன்ன பொய் இல்லை. திருவெள்ளறைக் கோயில் வாசலில், இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடி நிற்க, என்னை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன பொய். அந்தப் பொய்க்கு இன்றுவரை அவர் கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. பாகிஸ்தான் சண்டை ஓய்ந்த பிறகு வந்த தை மாதம். அதுவரை எனக்குக் காது குத்தவில்லை. ஒரு வருஷம் பங்காளி வீட்டில் சாவு. ஒரு வருஷம் எனக்கு அம்மை. ஒரு வருஷம் அத்தைக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெரியவர்கள் சங்கதி எல்லாம் கடைசியில் என் காதில் வந்து விடியும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மூளிக் காதோடு இருந்த பெண் நான் ஒருத்திதான். "பையன் காது" என்று கூப்பிடுவார்கள். ஒருத்தியைக் கடித்தே விட்டேன்.

மாமாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. அம்மாவுக்குத் தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஏலம் கூவிக் கூவி, அவர் ரகசியம் பேசினாலும் பத்துக் கடைக்குக் கேட்கும். அவர் வீட்டுப் பெட்டியில் ஓர் ஒட்டியாணம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிறக்கிற முதல் பெண் குழந்தைக்குக் காது குத்தும்போது அதை அழித்து நகை செய்து போட வேண்டும் என்பது அவர்கள் குடும்பப் பேச்சு. அந்த முதல் பெண் குழந்தை நான். தோடு, ஜிமிக்கி, சங்கிலி, வளையல் எல்லாம் அந்த ஒட்டியாணத்துக்குள் எனக்காகக் காத்திருந்தன. மற்றதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஜிமிக்கி வேண்டும். நான் தலையை ஆட்டினால் அதுவும் ஆட வேண்டும். வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஸ்ரீரங்கம் ரயிலடிப் பக்கம் வாடகை சைக்கிள் கடை. எப்போதும் சிரித்த முகம். கேட்டவர்களுக்கெல்லாம் சைக்கிளும் கொடுப்பார், ஜாமீன் கையெழுத்தும் போடுவார். சைக்கிள் திரும்பி வந்துவிடும். கையெழுத்து, கடன்காரனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். அப்போதெல்லாம் அம்மாவின் நகை ஏதாவது ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போகும். மெருகு போடக் கொடுத்திருக்கிறது என்பாள் அம்மா. சில நகைகளுக்கு மெருகு போட்டு முடியவே இல்லை. அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தடுத்திருக்கலாம். சிரித்துக்கொண்டே கேட்பவரை என்ன செய்வது?

அவரிடம் ஒரு பத்திரம் இருந்தது. தபால் ஆபீசில் வாங்கிய சேமிப்புப் பத்திரம். வாங்கி வைத்துவிட்டுத் தொடாமல் இருந்தால் வருஷா வருஷம் வட்டி சேர்ந்து, கடைசியில் போட்டதற்கு மேல் நல்ல தொகையாக வரும். அந்தத் தொடாமல் இருப்பதுதான் அப்பாவுக்கு வராது. பாதியிலேயே போய் உடைத்து வாங்கி வந்துவிடுவார். அடைக்கு வைத்த முட்டையை எடுத்து ஆம்லெட் போடுகிற மனுஷன் என்று அத்தை சொல்வாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஒர்க் ஷாப்பில் வேலை. அத்தை வைத்திருந்தது பரிசுப் பத்திரம். அதற்கு வட்டியே கிடையாது. நடுநடுவே குலுக்கல் நடக்கும், விழுந்தால் பரிசு. விழாவிட்டாலும் நஷ்டமில்லை, ஐந்து வருஷம் போனால் போட்ட பணம் அப்படியே கைக்கு வரும். குலுக்கல் வருகிறது என்றால் அத்தை பத்திரங்களைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துத் துளசி போடுவாள். முடிவு வந்ததும் பெருமாளோடு கொஞ்ச நாள் பேசமாட்டாள். அவளுக்கு ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

இந்தக் கூட்டம்தான் அன்றைக்குத் திருவெள்ளறையில் கூடியது. அப்பா வீட்டாருக்கு அந்தப் பெருமாள்தான் குலதெய்வம். நாங்கள் விடியற்காலையில் துறையூர் பஸ்ஸில் போய் இறங்கிவிட்டோம். மாமா வரவில்லை. வெயில் ஏறியது. ராகு காலத்துக்கு முன்னால் குத்தியாக வேண்டும் என்று அத்தை நிமிஷத்துக்கு ஒரு தரம் ரோட்டைப் பார்த்தாள்.

கடைசியில் தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது. ரோடு முழுக்கப் புழுதி. ஒரு வாழைக்காய் லாரி. பின்னால் குலைக்கு நடுவே நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் நின்றபடி வாசித்துக்கொண்டு வந்தார்கள். பள்ளத்தில் லாரி இறங்கும்போதெல்லாம் ராகமும் இறங்கி ஏறியது. மார்க்கெட் மூட்டைக்காரர்கள் ஆறேழு பேர் தலையில் ஈரிழைத் துண்டு கட்டி, சீர்த்தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய், பழம், பட்டுப் பாவாடை, வெல்லம், கண்ணாடி வளையல். நடுத்தட்டு மட்டும் சிவப்புப் பட்டுத் துணியால் மூடியிருந்தது. அதை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. என் ஜிமிக்கி அதற்குள் இருந்தது.

மாமா என்னைத் தூக்கி மடியில் உட்கார வைத்தார். ஆசாரி எதிரில் உட்கார்ந்து என் இரண்டு காதிலும் சாந்துப் புள்ளி வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"தோட்டைக் குடுங்க."

மாமா பட்டுத் துணியை எடுத்தார். பச்சரிசியின் மேல், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்த ஒரு காகிதம் இருந்தது.

"என்ன தம்பி இது, யாருக்குக் கல்யாணப் பத்திரிகை?" என்றாள் அத்தை.

"பத்திரிகை இல்லீங்க அண்ணி, பத்திரம். தங்கப் பத்திரம். ஒட்டியாணத்தை நாட்டுக்குக் குடுத்துட்டேன்!"

அவர் போட்ட சத்தத்தில் தவில்காரர் முகூர்த்தம் வந்துவிட்டது என்று நினைத்துக் கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட்டார். அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் தவில் பாதியில் நின்றது.

"நாட்டுக்குக் குடுத்தீங்க. சரி. பிள்ளைக்கு?"

"பிள்ளையும் நாட்டுலதானே அண்ணி இருக்கு!"

மூட்டைக்காரர்கள் கை தட்டினார்கள். நான் அழ ஆரம்பித்தேன். அப்பா வாயைத் திறந்துகொண்டு நின்றார். அம்மா ஓரமாக உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவே இல்லை.

ஆசாரி அந்தக் காகிதத்தை எடுத்தார். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து அவர் பிழைப்பில் மண் விழுந்திருந்த நேரம். கவர்மெண்ட் என்றாலே அவருக்கு ஆகாது. இடுப்பிலிருந்து உரைகல்லை எடுத்து, காகிதத்தின் ஓரத்தை அதில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாத்து ஒண்ணும் தெரியலையே தம்பி. இதுல தோடு செய்யணும்னா கஞ்சி போட்டுத்தான் விறைப்பாக்கணும்."

"யோவ்! கவர்மெண்ட் முத்திரைய்யா அது! குடுய்யா இங்க!"

"அந்த கவர்மெண்ட் புண்ணியத்துலதான் நான் ஊர் ஊராப் போயிக் காது குத்திக்கிட்டு இருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"இந்தப் பத்திரம் எல்லாம் எனக்கும் தெரியும் தம்பி. சீனாக்காரன் சண்டையப்ப எங்க குவார்ட்டர்ஸ்ல ஒருத்தி சங்கிலியக் கழட்டிக் குடுத்தா. அதுக்கும் தங்கப் பத்திரம்னுதான் பேரு. ஆனா அவ சங்கிலிக்கு ஒரு விலையப் போட்டு, அதுக்கு வட்டி குடுத்து, கடைசியில பணமாத்தான் தருவாங்களாம். சங்கிலி வராது. பணம் வந்தா அது மொய். மொய் எழுதுற எடம் அங்க இருக்கு, அங்க போயி எழுதிட்டு சாப்பிட்டுப் போங்க. மாமன் சீருன்னா தங்கம் வரணும். தங்கம் இல்லாம எங்க வீட்டுப் பிள்ளை காதுல ஊசி படக்கூடாது."

எனக்கு அழுகை நின்று பயம் வந்துவிட்டது. ஜிமிக்கி போனால் போகட்டும். காதே குத்தாமல் பஸ் ஏற வேண்டியிருக்குமோ? இன்னொரு வருஷம் பையன் காதோடு பள்ளிக்கூடம் போக முடியாது. சாந்துப் புள்ளி அழிந்துவிடக் கூடாது என்று தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அது வேற பத்திரம் அண்ணி, இது வேற பத்திரம்," என்றார் மாமா. "அதுல தங்கத்தை வாங்கிக்கிட்டுப் பணம் தருவான். இதுல எடை போட்டு வாங்கிக்கிட்டு, அதே எடைக்குத் தங்கமாவே தருவான். நடுவுல வட்டி கொஞ்சூண்டுதான் வரும். ஆனா தங்கம் தங்கமாவே வரும்."

"எப்ப?"

"பதினஞ்சு வருஷம்."

"பதினஞ்சு வருஷமா! அதுக்குள்ள இவளே பிள்ளை பெத்து அதுக்குக் காது குத்த வந்துருவா!"

"உங்க பரிசுப் பத்திரம் மாதிரி இல்லீங்க அண்ணி இது. குலுக்கிக் குலுக்கி உங்களுக்கு என்ன விழுந்துச்சு?"

"என் பத்திரத்தை இழுக்காதீங்க. எனக்கு விழுறன்னிக்கு உங்க மண்டியவே விலைக்கு வாங்கி உங்களைக் குலை தூக்க வைக்கிறேன்."

"விழட்டும். அதுல வட்டியும் இல்ல, பேரும் இல்ல. ரூபா நோட்டு மாதிரி. எவன் கையில இருக்கோ அவனுக்குச் சொந்தம். இதுல பேரு போட்டிருக்கு."

"யாரு பேரு? உங்க பேரா?"

"எங்க அக்கா பேரு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா இன்னொரு வெற்றிலையை எடுத்தாள்.

"ஏன் மாப்ளே," என்றார் அப்பா, "என் பேர்ல போட்டா ஆகாதாமா?"

"போடலாம்னுதான் போனேன் அத்தான். உங்க பேரு நீளம். அவன் குடுத்த கட்டத்துக்குள்ள அடங்கல."

சிரிப்பு வெடித்தது. ஆசாரிகூடச் சிரித்துவிட்டார். எல்லாரையும்விட அப்பாதான் அதிக நேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா பேர் நீளம் என்பது உண்மைதான்.

அத்தை மட்டும் சிரிக்காமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"பேரு இருந்தா யாரு போயி வாங்கணும்?"

"பேரு உள்ளவங்கதான் கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

"புருஷன் போட்டா?"

"கலெக்டரே போட்டாலும் தரமாட்டான்."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்தாள். பிறகு அத்தை சடக்கென்று திரும்பி ஆசாரி மேல் பாய்ந்தாள்.

"என்னய்யா வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? தங்கம் தங்கமா வருதுன்னா அது தங்கம்தான். மாமன் சீர் வந்தாச்சு. ஒன் கம்பியப் போட்டுக் குத்து. ராகு காலம் வந்துரும்!"

அத்தை வாதத்தில் தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். அவள் தோற்று நான் பார்த்ததில்லை. ஆச்சரியத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில் ஆசாரி வலது காதைக் குத்திவிட்டார். கத்துவதற்குள் இடது காதும் முடிந்தது. தவில்காரர் விட்ட இடத்திலிருந்து கெட்டிமேளத்தைத் தொடர்ந்தார். மாமா என் வாயில் சர்க்கரையைத் திணித்து, என்னைத் தலைக்கு மேல் தூக்கி, "எங்க அக்கா மவ காதுல ஓட்டை விழுந்துருச்சு!" என்று ஏலம் விடுகிற குரலில் கத்தினார்.

அன்றைக்குச் சாப்பாடு எல்லாரும் இரண்டு தரம் பந்தியில் உட்காருகிற அளவுக்கு இருந்தது. மூட்டைக்காரர்கள் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கலைப் பார்த்து அத்தையே பயந்துவிட்டாள். திரும்பும்போது யாரும் பஸ் ஏறவில்லை. அத்தனை பேரும் வாழைக்காய் லாரியில் ஏறிக்கொண்டோம். மண்ணச்சநல்லூர் தாண்டியதும் அப்பா தவிலைக் கேட்டு வாங்கி அடித்தார். அடிக்கத் தெரியாது. ஆனாலும் கொள்ளிடம் பாலம் வரைக்கும் விடவில்லை. அத்தையும் அம்மாவும் ஒரே குலையில் சாய்ந்துகொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி தலை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கு முன் அவர்கள் இருவரும் அப்படி ஒட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் கம்பி வளையத்தோடு போய் நின்றேன்.

"ஜிமிக்கி எங்கடீ?"

"கவர்மெண்ட்டுக்கிட்ட இருக்கு."

"கவர்மெண்ட் என்ன பண்ணும்?"

"சண்டைக்கு வச்சுக்கும்."

"மிலிட்டரிக்காரன் ஜிமிக்கி போட்டுக்கிட்டாடீ சண்டை போடுவான்?"

டீச்சர் மட்டும் கேள்விப்பட்டு, என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்தப் பெண் நாட்டுக்காக ஜிமிக்கி தந்தவள்" என்று சொல்லி எல்லாரையும் கை தட்ட வைத்தார். நான் தரவே இல்லை. என்னைக் கேட்டிருந்தால் தந்திருக்கவும் மாட்டேன்.

அதன் பிறகு வட்டி வாங்குகிற நாள் என்று ஒன்று எங்கள் வீட்டில் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் அம்மா அன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொள்வாள். அப்பாவே எங்களை ஸ்டாண்டு வரை கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவார். டவுனில் மாமா காத்திருப்பார். பாங்கில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவை வாங்கி, தன் பேரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகப் போடுவாள். பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். பிறகு தெப்பக்குளம் பக்கத்தில் ஓட்டலில் எனக்கும் மாமாவுக்கும் ரவா தோசை. மாமா பணத்தை எடுத்தால் அவர் கையைத் தட்டிவிடுவாள். அவளே கொடுப்பாள். அந்தத் தோசைக்காக நான் ஜிமிக்கியை மன்னித்தேன்.

அத்தை தன் பரிசுப் பத்திரங்களுக்குக் காலம் முடிந்ததும் போட்ட பணத்தை வாங்கி, மறுநாளே தபால் ஆபீசுக்குப் போய்த் தன் பேரில் சேமிப்புப் பத்திரம் வாங்கினாள். குலுக்கலில் ஆசை விட்டுப்போச்சு என்று சொன்னாள். பல வருஷம் கழித்துத்தான் உண்மையை என்னிடம் சொன்னாள். திருவெள்ளறைக்கு முந்தின வருஷம், அரிசிப் பானைக்குள் வைத்திருந்த அவள் பத்திரங்களில் பாதி காணாமல் போயிருந்தன. எடுத்தவர் வீட்டுக்காரர். பேர் இல்லாத காகிதம், யார் கொண்டுபோய் விற்றாலும் பணம். போலீசிலா சொல்ல முடியும்?

பதினைந்து வருஷம் போய் ஒட்டியாணத்தின் எடைக்குத் தங்கமாகவே வந்தது. அதற்குள் தங்கம் விற்ற விலைக்கு, சீனாச் சண்டையில் கொடுத்துவிட்டுப் பணமாக வாங்கினவர்களை நினைத்தால் பாவமாக இருந்தது. அம்மாவின் மற்ற நகை ஒன்றுகூட அப்போது வீட்டில் இல்லை. அந்தத் தங்கம் ஒன்றுதான் பாலம் தாண்டாமல் இருந்தது. அதில்தான் என் கல்யாணம் நடந்தது. ஜிமிக்கி செய்து போட்டார்கள். தலையை ஆட்டினேன், ஆடியது.

எட்டு வயதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா நாட்டுக்குத் தங்கம் கொடுத்தார் என்று நம்பினேன். அப்பா பேர் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று நம்பினேன். அத்தை தோற்றாள் என்று நம்பினேன். ஒரு பெண் குழந்தையின் நகையை அவள் அப்பா கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதற்கு, ஒரு நாட்டுச் சண்டையும் ஒரு கோயில் வாசலும் ஒரு லாரி நிறைய ஆட்களும் தேவைப்பட்டன என்று எனக்கு யார் சொல்வது?

மாமா இன்னும் இருக்கிறார். குரலும் இருக்கிறது. அடுத்த மாதம் மார்க்கெட் வியாபாரிகள் அவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள். நோட்டீஸ் என் கைக்கு வந்தது. "போர்க்காலத்தில் குடும்ப நகையை நாட்டுக்கு ஈந்த வள்ளல்" என்று போட்டிருக்கிறது. அம்மா பேர் எங்கேயும் இல்லை. அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது.

மாமா, வாழைக்காய் விலை எழுதின பலகையைத் தவிர நீங்கள் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. மளிகைச் சாமான் மடித்து வந்த பேப்பர் துண்டைக்கூட நீவி விட்டுப் படித்தவள் எங்கள் அம்மா. அன்றைக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதவளும் அவள் ஒருத்திதான். மாலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பொன்னாடையையும் போர்த்திக்கொள்ளுங்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். மைக்கை உங்கள் கையில் கொடுத்ததும், பணமாக வருகிற பத்திரம் எது, தங்கமாகவே வருகிற பத்திரம் எது, பேர் போட்டு வாங்க வேண்டிய பத்திரம் எது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பியது யார் என்பதை, மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள்.